நானூற்றுப் பன்னிரண்டு காளைகள்

துப்பாக்கிச் சத்தம் என்றாலே அய்யாக்கண்ணுவுக்கு ஆகாது. தீபாவளிக்குப் பக்கத்து வீட்டில் ஓலைவெடி வெடித்தாலே காதைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விடுகிற ஆள். அந்த மனிதர் பதினான்கு வருஷம் ஒரு துப்பாக்கி சுடும் சங்கத்துக்குச் செயலாளராக இருந்தார். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய் உட்கார்ந்தார். யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. அதுதான் வேடிக்கை.

புதுக்கோட்டை தனிச் சமஸ்தானமாக இருந்தவரை அவர் அரண்மனைத் துப்பாக்கிகளுக்குப் பதிவேடு எழுதிக்கொண்டிருந்தார். எந்தத் துப்பாக்கி எந்த அலமாரியில் இருக்கிறது, எதற்கு என்றைக்கு எண்ணெய் போட்டார்கள் என்பதையெல்லாம் முத்து முத்தான எழுத்தில் எழுதி வைப்பார். ஒன்றையும் கையால் தொட்டதில்லை. 1948 மார்ச்சில் சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு சேர்ந்தது. துப்பாக்கிகள் ஒரு பக்கம் போயின, பதிவேடுகள் ஒரு பக்கம் போயின, அய்யாக்கண்ணுவை இலுப்பூரில் ஒரு சர்க்கார் ஆபீசுக்கு மாற்றினார்கள். வருகிற தபாலில் தேதி முத்திரை குத்துவது அங்கே அவருக்கு வேலை.

“முத்திரை குத்துறதுக்கு எதுக்குங்க இம்புட்டு அழகான கையெழுத்து? நம்ம வீட்டு ஒலக்கைகூடக் குத்துமே” என்பாள் மனைவி சொர்ணவல்லி. கேலி செய்வாளே தவிர, அவளுக்கு உள்ளூரக் கவலைதான். முப்பத்திரண்டு வயது மனிதன் காலையில் போய் ஒருவரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் சாயங்காலம் திரும்பி வருகிறான் என்றால் எந்தப் பெண்டாட்டிக்குத்தான் பொறுக்கும்?

அடுத்த வருஷம் சங்கம் பிறந்தது. சமஸ்தானப் படையிலிருந்து ஓய்வு பெற்ற கேப்டன் ரெங்கசாமிக்கு வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை. மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றி, லைசென்ஸ் உள்ள எட்டுப் பேரைப் பிடித்தார். தன்னோடு ஒன்பது. சுடுவதற்கு இடம் வேண்டுமே? அன்னவாசலிலிருந்து இலுப்பூர் வரும் பஸ் ரோட்டை ஒட்டி மொட்டைப்பாறைப்பட்டி என்று ஒரு ஊர். ஊருக்கு வெளியே, புல்கூட ஒழுங்காக முளைக்காத ஒரு பொட்டல். பொட்டலின் முடிவில் யானை படுத்த மாதிரி ஒரு பாறை. எவ்வளவு சுட்டாலும் பாறை வாங்கிக்கொள்ளும். கேப்டனுக்குப் பார்த்தவுடனே பிடித்துவிட்டது.

பொட்டல் ஊருக்குப் பொது. ஊர்த் தலைவர் நல்லதம்பி அம்பலம் வெற்றிலையை மென்றுகொண்டே முழு விவரமும் கேட்டார். கடைசியில் சொன்னார்: “சுட்டுக்கங்க. காகிதத்தச் சுடுறதுக்கு நாங்க ஏன் வேணாங்கப் போறோம்? ஆனா ஒண்ணு. எங்க மாடு கன்னுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது. ஆச்சுன்னா அன்னைக்கே எல்லாத்தயும் கட்டிட்டுப் போயிரணும்.” கேப்டன் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். எழுத்து இல்லை, கையெழுத்து இல்லை. வாய்ப்பேச்சுதான்.

பாறைக்கு முன்னால் ஓர் ஆள் மறையும் ஆழத்துக்குக் குழி வெட்டினார்கள். குழிக்கு முன்னால் மண்ணைக் குவித்து மேடு. அந்த மேட்டுக்கு மேலே தெரிகிற மாதிரி, ஒரு சட்டத்தில் காகிதம் ஒட்டி நிறுத்துவார்கள். காகிதத்தின் நடுவில் கறுப்பு வட்டம், அதைச் சுற்றி வளையங்கள். சுடுகிறவர்கள் நூறு கஜத்துக்கு இந்தப்பக்கம் சாக்கில் குப்புறப் படுத்துச் சுடுவார்கள். குண்டு எங்கே பட்டது என்று அங்கிருந்து அவர்களுக்குத் தெரியாது. அதைப் பார்த்துச் சொல்லக் குழிக்குள் ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் மருதாயி.

மருதாயி உள்ளூர்க்காரி. நாலு வெள்ளாடு வைத்திருந்தாள். பாறைக்கு அந்தப்பக்கம் போன ஆட்டை இந்தப்பக்கமிருந்தே அதட்டித் திருப்புகிற குரல். கேப்டன் அந்தக் குரலைக் கேட்ட கணமே வேலை போட்டுக் கொடுத்துவிட்டார். குண்டு பட்டால், நீளக் கம்பின் நுனியில் கட்டிய தகரத்தட்டை அவள் காகிதத்தில் பட்ட இடத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டுவாள். படாவிட்டால் வெள்ளைத்துணிக் கொடியை இப்படியும் அப்படியும் ஆட்டுவாள். அப்புறம் மைதாப்பசையைத் தொட்டு, ஓட்டையின் மேல் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டிவிடுவாள். ஒட்டாவிட்டால் பழைய ஓட்டை எது, புது ஓட்டை எது என்று தெரியாமல் போய்விடும். சட்டிப் பசையும் துண்டுக் காகிதமுமாகக் குழிக்குள் அவள்தான் ராணி.

அய்யாக்கண்ணு இந்தச் சங்கத்துக்குள் வந்தது ஒரு கொடியால். சுடும்போது பாறை உச்சியில் சிவப்புக்கொடி பறக்க வேண்டும் என்பது கேப்டனின் சட்டம். அந்தப்பக்கம் ஆள் வரக்கூடாது என்பதற்கான அடையாளம். கம்யூனிஸ்ட் கட்சியைத் தடை செய்திருந்த நேரம் அது. பாறை மேல் சிவப்புக்கொடி, கீழே ஒன்பது பேர், ஒன்பது பேர் கையிலும் துப்பாக்கி. பஸ்ஸில் போன எவனோ பார்த்துச் சொல்ல, ஒரு லாரி போலீஸ் வந்து இறங்கிவிட்டது. கேப்டன் கோபத்தில் இங்கிலீஷில் கத்த ஆரம்பித்தார். அது அவர்களுக்கு இன்னும் சந்தேகத்தைக் கொடுத்தது. அன்னவாசல் சந்தையிலிருந்து கத்திரிக்காய்ப் பையோடு வந்துகொண்டிருந்த அய்யாக்கண்ணு, அரண்மனை நாளில் பழகிய கேப்டனைப் பார்த்துவிட்டு பஸ்ஸை விட்டு இறங்கினார். பையைக் கீழே வைத்துவிட்டு, ஒரு காகிதத்தை வாங்கி, சங்கம் யாருடையது, கொடி எதற்கு, லைசென்ஸ் எண்கள் என்னென்ன என்று ஒரு பக்கம் எழுதி நீட்டினார். வந்திருந்த அதிகாரி படித்தார், சிரித்தார், லாரி திரும்பிப் போயிற்று. “இனிமே நீர்தான்யா செகரட்டரி” என்றார் கேப்டன். அன்றைக்குக் கத்திரிக்காய் வீடு வந்து சேரவில்லை. ஆனால் வெகுநாளைக்கப்புறம் புருஷன் வாய் ஓயாமல் பேசுவதைச் சொர்ணவல்லி கேட்டாள்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைக்காகவே அவர் மற்ற ஆறு நாளையும் ஓட்டினார். ஒரு குண்டுகூடச் சுட்டதில்லை. “யாராச்சும் எழுதணுமில்ல” என்பார் கேட்டால். உள்ளுக்குள் ஆசை இல்லாமலா? இருந்தது. பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது, அவ்வளவுதான்.

அப்புறம் வந்தது 1957. சர்க்கார் காரியங்கள் இனித் தமிழில்தான் என்று சட்டம் வந்தது. தமிழில் எழுதலாம் என்றதும் அய்யாக்கண்ணுவுக்குத் தலைகால் புரியவில்லை. ஆபீசில் முத்திரை குத்துகிறவரை யார் எழுதச் சொல்வார்கள்? சங்கத்தில் யார் தடுப்பார்கள்? துப்பாக்கி சுடுவதில் இருக்கும் இங்கிலீஷ் வார்த்தை ஒன்றையும் விடுவதில்லை என்று அகராதியும் கையுமாக உட்கார்ந்துவிட்டார்.

கேப்டன் கற்றுக்கொடுத்த பழைய பட்டாளத்துக் கணக்கில் நடு வட்டத்தில் பட்டால் ‘புல்’, அடுத்த வளையம் ‘இன்னர்’, அதற்கடுத்தது ‘மேக்பை’, கடைசி வளையம் ‘அவுட்டர்’, ஒன்றிலும் படாவிட்டால் ‘வாஷவுட்’. இன்னர் உள்வட்டம் ஆயிற்று, அவுட்டர் வெளிவட்டம். வாஷவுட்டுக்கு ‘வீண்’. மேக்பை என்றால் ஏதோ ஒரு பறவையாம். கறுப்பும் வெள்ளையுமாக இருக்குமாம். மூன்று நாள் யோசித்து, அதே நிறத்தில் நம்மூரில் பாடித் திரிகிற குண்டுக்கரிச்சான் பேரை வைத்தார். பேரிலேயே குண்டு இருப்பதை நினைத்து நினைத்துப் பூரித்தார். புல் மட்டும் அவருக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அகராதியைத் திறந்தார், காளை என்று இருந்தது.

“காளையா? என்னய்யா இது?” என்றார் கேப்டன்.

“வெள்ளைக்காரன் வீரத்துக்கு அடையாளமாத்தான் அந்தப் பேர வச்சிருப்பான், கேப்டனய்யா. மஞ்சுவிரட்டு நடக்குற சீமையில நாம காளைன்னு சொல்ல வெக்கப்படலாமா?”

“எழுதித் தொலையும்” என்று விட்டுவிட்டார் அவர்.

பஸ் நிற்கும் இடத்தருகே சங்கத்துக் கொட்டகை வாசலில் ஒரு கரும்பலகை உண்டு. யார் யார் எத்தனை சுட்டார்கள் என்று வாராவாரம் அதில் எழுதுவார் அய்யாக்கண்ணு. அதுநாள்வரை இங்கிலீஷ். ஊரில் யாரும் சட்டை செய்ததில்லை. டிசம்பரின் கடைசி ஞாயிற்றுக்கிழமை முதல்முறையாகத் தமிழில் எழுதினார். கேப்டன் ரெங்கசாமி, காளை ஆறு, குண்டுக்கரிச்சான் இரண்டு. யாக்கூப் ராவுத்தர், காளை ஒன்பது. இலுப்பூரில் புளி மண்டி வைத்திருந்த யாக்கூப் ராவுத்தர்தான் சங்கத்திலேயே குறி தவறாத ஆள். வருஷம் முடிகிறதே என்று வருஷத்துக் கணக்கையும் கூட்டிப் போட்டார். அடியில் கொட்டை எழுத்தில் வந்தது: ‘இவ்வாண்டில் நம் சங்கத்தார் சுட்ட காளைகள் நானூற்றுப் பன்னிரண்டு. வரும் ஆண்டில் ஐந்நூறு காளைகளைச் சுட உறுதி கொள்வோம்!’

தள்ளி நின்று பார்த்தார். எழுத்து ஒவ்வொன்றும் அச்சில் வார்த்த மாதிரி இருந்தது. திருப்தியோடு பஸ் ஏறினார்.

அந்த வாரம் புதன்கிழமை மொட்டைப்பாறைப்பட்டியில் செவலையைக் காணோம். செவலை அய்யனார் கோயில் காளை. அதற்குக் கட்டுத்தறி கிடையாது, மூக்கணாங்கயிறு கிடையாது. எந்த வயலில் மேய்ந்தாலும் யாரும் கை ஓங்கமாட்டார்கள். தை பிறந்து மஞ்சுவிரட்டு நடந்தால் முதலில் அவிழ்த்துவிடுவது அதைத்தான். அதன் கழுத்தில் மாலை விழாமல் வேறு மாடு வெளியே வராது. பொங்கலுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. நாலாபக்கமும் ஆள் போய்த் தேடினார்கள். சனிக்கிழமை சாயங்காலம் கோயில் பூசாரி வெறுங்கையோடு பஸ்ஸை விட்டு இறங்கினார். இறங்கினவர் கண் கரும்பலகையில் விழுந்தது. எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தார். இரண்டாம் தடவை படிக்கும்போது சுற்றிலும் முப்பது பேர் நின்றார்கள்.

மறுநாள் காலையில் அய்யாக்கண்ணு வழக்கம்போல் நோட்டும் பேனாவுமாக வந்து இறங்கினால், பொட்டலில் ஊரே கூடி நிற்கிறது. முன்னால் நல்லதம்பி அம்பலம், தோளில் துண்டு, வாயில் வெற்றிலை இல்லை. கேப்டனும் யாக்கூப் ராவுத்தரும் ஒன்றும் புரியாமல் ஒரு பக்கம் நின்றார்கள்.

“பலகையில எழுதுனது யாரு?” என்றார் அம்பலம்.

யாரோ படித்திருக்கிறார்களே என்று அய்யாக்கண்ணுவுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. “நான்தாங்க.”

“நானூத்திப் பன்னெண்டு காளை?”

“ஆமாங்க. போன வருஷத்தவிட அதிகம்.”

கூட்டம் ஒரே குரலாக “அடப்பாவி!” என்றது. “வாயால ஒத்துக்கிட்டான் பாருங்க!” என்று ஒரு பெண் மண்ணை வாரித் தூற்றினாள்.

“எங்க செவலையும் அந்தக் கணக்குல சேத்தியா?” என்றார் அம்பலம், குரலை உயர்த்தாமல்.

அப்போதுதான் அய்யாக்கண்ணுவுக்கு விளங்கிற்று. ஓடிப்போய்க் கொட்டகையிலிருந்து ஒரு புதுக் காகிதத்தை எடுத்து வந்து விரித்துக் காட்டினார். “இதுதாங்க காளை. இந்தக் கறுப்பு வட்டம். நாங்க மாட்டச் சுடலீங்க!”

அம்பலம் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கொம்பு எங்க? திமிலு எங்க?”

“வெள்ளைக்காரன் வச்ச பேருங்க இது.”

“வெள்ளைக்காரன் போயிப் பத்து வருசமாச்சே. இன்னமும் அவன் மாட்டையா சுட்டுக்கிட்டிருக்கீங்க?”

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். கேப்டன் பொறுக்காமல் “நான்சென்ஸ்!” என்று ஒரு சத்தம் போட்டார். சிரிப்பு நின்றது. அய்யாக்கண்ணு கையெடுத்துக் கும்பிட்டார். “அய்யனார் முன்னால சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்றேங்க.”

“என்னன்னு பண்ணுவீங்க? நானூத்திப் பன்னெண்டு சுட்டோம்னு ஒங்க கை எழுதியிருக்கு. ஒண்ணுகூடச் சுடலன்னு ஒங்க வாய் சொல்லப் போகுது. சாமி எதை நம்பும்?”

யாக்கூப் ராவுத்தர் மெதுவாக முன்னால் வந்தார். “அம்பலம், நான் ஒரு குண்டு சுட்டு, வட்டம்னா என்ன, காளைன்னா என்னன்னு காட்டிர்றேன். பாத்துட்டுச் சொல்லுங்க.”

“நீங்க சுடுவீங்க ராவுத்தரே, ஊருக்கே தெரியும். ஆனா நீங்க சுட்டா, எங்க பட்டாலும் அதுக்கு நீங்க சொல்றதுதானே பேரு.” அம்பலம் அய்யாக்கண்ணுவைக் கைகாட்டினார். “எழுதுன கை சுடட்டும். அந்த வட்டத்துக்குக் காளைன்னு பேரு வச்சவரு, நம்ம கண்ணு முன்னால அதுல ஒரு குண்டு போடட்டும். அஞ்சு தரம் சுடட்டும். ஒண்ணு பட்டாலும் அவரு பேச்ச ஊரு நம்பும். படலையா, இன்னைக்கே கட்டிட்டுப் போயிரணும். பேசுன பேச்சு அப்படித்தான்.”

இதில் என்ன நியாயம் என்று கேட்கக் கூடாது. நூறு பேர் சுற்றி நின்று தலையாட்டினால் எதுவும் நியாயமாகத்தான் தெரியும். கேப்டன் முகம் சுருங்கிவிட்டது. அவருக்குத் தெரியும், அய்யாக்கண்ணு துப்பாக்கியைத் தொட்டால் என்ன ஆகும் என்று. அய்யாக்கண்ணுவுக்கு அதைவிட நன்றாகத் தெரியும். பொட்டல் போனால் சங்கம் போயிற்று. சங்கம் போனால் ஆறு நாள் முத்திரை, ஏழாம் நாள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். தன் ஒரு வார்த்தையால் ஒன்பது பேர் வீட்டுக்குப் போக வேண்டுமா என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது.

மருதாயி குழிக்குள் இறங்கினாள். அய்யாக்கண்ணு செம்மண் படிந்த சாக்கில் குப்புறப் படுத்தார். யாக்கூப் ராவுத்தர் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு, தோளில் எப்படிப் பதிப்பது, கண்ணை எங்கே வைப்பது என்று காதோரம் சொன்னார். “மூச்சப் பாதி விட்டு நிறுத்துங்க தம்பி. விசைய வெடுக்குனு இழுக்காதீங்க. எலுமிச்சம்பழம் பிழியுற மாதிரி.”

முதல் குண்டுக்கு அய்யாக்கண்ணு இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டார். பாறை உச்சியில் உட்கார்ந்திருந்த காக்கைகள் எழுந்து பறந்தன. வெள்ளைக்கொடி ஆடிற்று. இரண்டாவது மேட்டில் புழுதியைக் கிளப்பிற்று. மூன்றாவது எங்கே போயிற்று என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மறுபடி மறுபடி வெள்ளைக்கொடி.

இதற்குள் கூட்டத்துக்கு என்னவோ ஆகிவிட்டது. மஞ்சுவிரட்டுப் பார்த்துப் பழகிய ஜனம் அது. மாடு பிடிக்க இறங்கியவன் தடுமாறினால், எதிரி ஊர்க்காரனாக இருந்தாலும் வாய் சும்மா இருக்காது. “நிதானம், நிதானம்!” என்றார் பூசாரி. “வெயிலுல கெடக்காருப்பா, யாராச்சும் தண்ணி குடுங்க” என்றாள் காலையில் மண்ணைத் தூற்றிய பெண். ஒரு சொம்பு வந்தது. அய்யாக்கண்ணு குடித்தார், பாதி சட்டையில் வழிந்தது. நாலாவதைச் சுட்டார். வெள்ளைக்கொடி. “அடச்சே!” என்று தொடையைத் தட்டியவர் நல்லதம்பி அம்பலம். தட்டிய பிறகுதான் தான் எந்தக் கட்சி என்று ஞாபகம் வந்து, துண்டை உதறிப் போட்டுக்கொண்டார்.

ஐந்தாவது. அய்யாக்கண்ணு கண்ணை மூடவில்லை. மூச்சைப் பாதி விட்டார். எலுமிச்சம்பழத்தை நினைத்துக்கொண்டார். வெடித்தது.

ஒரு கணம் ஒன்றும் இல்லை. அப்புறம் தகரத்தட்டு மெதுவாக எழும்பி, கறுப்பு வட்டத்தின் நட்டநடுவில் போய் நின்றது.

பொட்டலே அதிர்ந்தது. துண்டுகள் பறந்தன, யாரோ குலவை போட்டார்கள். கேப்டன் அய்யாக்கண்ணுவைத் தூக்கி நிறுத்திக் கட்டிப்பிடித்தார். அய்யாக்கண்ணுவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. காளை! தான் சுட்ட காளை! வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவர் அனுபவித்ததில்லை. ஆனால் சங்கத்து விதி ஒன்று இருந்தது, அவரே எழுதியது: புதிதாகச் சுடுகிறவர் முதல் காளை சுட்டால், அந்தக் காகிதத்தைச் செயலாளர் நேரில் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். விதியை விடுகிற ஆளா அவர்? கேப்டன் விசில் ஊதிச் சுடுவதை நிறுத்தியதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நூறு கஜமும் ஓடினார். குழிக்குள் குதித்தார்.

மருதாயி அவரை எதிர்பார்க்கவில்லை. வட்டத்தின் நடுவில் துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது; பசை இன்னும் ஈரம்.

“ஒட்டிட்டேன் செயலாரய்யா” என்றாள் அவசரமாக.

“பாக்கணும்மா. கையெழுத்துப் போடணும்.”

அவள் தடுப்பதற்குள் அவர் துண்டுக் காகிதத்தை மெல்ல உரித்தார். அடியில் ஓட்டை இல்லை. கறுப்பு வட்டம் முழுசாக, வழவழவென்று இருந்தது. காகிதம் முழுக்கத் தேடினார். எங்கேயும் ஓட்டை இல்லை.

“குண்டு எங்க போச்சு மருதாயி?”

“அங்கிட்டு. பனைமரத்துப் பக்கம்.” அவள் குரலைத் தாழ்த்தினாள். ஜன்மத்தில் அவள் குரல் தாழ்ந்தது அப்போதுதான். “திரும்ப ஒட்டிருங்க. யாருக்குத் தெரியப் போகுது? ஒங்களுக்கு எடம் வேணும், எனக்கு வேலை வேணும். போங்க, போயிக் கையெழுத்தப் போடுங்க.”

மேலே குலவைச் சத்தம் ஓயவில்லை. அய்யாக்கண்ணு அந்தத் துண்டுக் காகிதத்தை விரலில் வைத்துக்கொண்டு நின்றார். திரும்ப ஒட்டினால் ஒட்டிக்கொள்ளும், பசை ஈரமாகத்தான் இருந்தது. ஒட்டலாம் என்றுதான் நினைத்தார். நிஜமாகவே நினைத்தார். சங்கம் பிழைக்கும், ஊரும் சந்தோஷப்படும். ஆனால் அப்புறம் அதைப் பலகையில் எழுத வேண்டுமே, ‘அய்யாக்கண்ணு, காளை ஒன்று’ என்று? ஒருநாளும் பொய்யாக ஒரு புள்ளி வைத்ததில்லை அந்தக் கை. அதற்கு மேல் அவரால் முடியவில்லை. மூலையில் கிடந்த வெள்ளைக்கொடியை எடுத்துக்கொண்டு மேட்டின் மேல் ஏறி நின்று, இப்படியும் அப்படியுமாகத் தானே ஆட்டினார்.

அம்பலம் விறுவிறுவென்று நடந்து வந்தார், பின்னால் ஊரும் வந்தது.

“என்ன இது?”

“வீணுங்க. அஞ்சாவதும் படல. மருதாயி அவசரத்துல தப்பாப் பாத்துருச்சு.”

“தப்பாவெல்லாம் பாக்கல” என்று குழிக்குள்ளிருந்து பழைய குரல் எழும்பிற்று. “வேணும்னேதான் தூக்குனேன். இந்த ஆளுதான் வந்து பிச்சுட்டாரு.”

அம்பலம் குழியை எட்டிப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், மேட்டில் கொடியோடு நிற்கிற மனிதரைப் பார்த்தார். கண்ணாடி மூக்கு நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது. அம்பலத்தின் வயிறு குலுங்க ஆரம்பித்தது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை, வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

“சுடவும் வரல, பொய் சொல்லவும் வரல. இந்த ஆளா நம்ம செவலையச் சுட்டாரு? ஏம்ப்பா, நீங்களே சொல்லுங்க!” ஊர் முழுக்கச் சிரித்தது. சிரித்து ஓய்ந்ததும் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “பட்டா நம்புறோம்னு சொன்னேன். படல. ஆனாலும் நம்புறேன். சுட்டுக்கங்க. ஆனா அந்தப் பேர மட்டும் அழிச்சிருங்க, சாமி. பொங்கலும் அதுவுமா, படிக்கவே வயித்தெரிச்சலா இருக்கு.”

“வேற என்ன பேரு வைக்கிறதுங்க?” அந்த நிலையிலும் அய்யாக்கண்ணு அகராதியைத் தேடிக் கொட்டகைப் பக்கம் திரும்பினார்.

“இதுக்கு என்ன யோசனை?” என்றாள் மருதாயி. “பொட்டுன்னு எழுதுங்க. பாத்தாச் சாந்துப்பொட்டாட்டந்தான இருக்கு? எட்டு வருசமா, பொட்டுல பட்டுச்சு, பொட்டுல பட்டுச்சுன்னு நானும் தொண்டை கிழியக் கத்துறேன்.”

அய்யாக்கண்ணு காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். உண்மைதான். காதில் பஞ்சு வைத்திருந்தவருக்கு அது எங்கே கேட்டது? பலகைக்குப் போய்க் காளைகள் எல்லாவற்றையும் துணியால் அழித்து, பொட்டு பொட்டு என்று எழுதினார். கடைசியில் கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது. ஒரு வினாடி தயங்கி, அதில் இன்னொரு வரி சேர்த்தார்: அய்யாக்கண்ணு, வீண் ஐந்து.

செவலை அதற்கு மூன்றாம் நாள் வந்து சேர்ந்தது. குடுமியான்மலைப் பக்கம் எவரோ ஒருவருடைய கடலைக்கொல்லையில் தின்று கொழுத்துப் படுத்திருந்ததாம். கோயில்காளை என்று அவர்களும் விரட்டாமல் விட்டிருக்கிறார்கள். சங்கம் பொட்டலிலேயே இருந்தது. 1963-இல் மாற்றலாகித் திருச்சிக்குப் போகிறவரை அய்யாக்கண்ணு செயலாளராக இருந்தார். மொட்டைப்பாறைப்பட்டியில் அவரைக் கண்டால் “என்ன வீணு, சௌக்கியமா?” என்றுதான் கேட்பார்கள். அவர் கோபித்துக்கொண்டதே இல்லை.

ஐந்து குண்டு சுட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் சொர்ணவல்லி பதறிப்போனாள். சட்டை, வேட்டி எல்லாம் செம்மண்.

“ஐயையோ, எங்கேயாச்சும் விழுந்துட்டீங்களா?”

“படுத்திருந்தேன். சுட்டேன்.”

“நீங்களா?” அவள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. “பட்டுச்சா?”

“அஞ்சு குண்டு. ஒண்ணுகூடப் படல.”

“அப்புறம் எதுக்கு இந்தச் சிரிப்பு?”

“பட்டாத்தான் ஒம் பேச்ச நம்புவோம்னாங்க, சொர்ணம்” என்றார் அய்யாக்கண்ணு. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். “படல. ஆனாலும் நம்பிட்டாங்க.”

சொர்ணவல்லி கரண்டியைக் கீழே வைத்தாள். “கை கால் கழுவிட்டு வாங்க, எலை போடுறேன்” என்றாள்.